விரிப்பின் பின்பக்கம்

1

இது நான் யோசித்த கதை அல்ல. எங்கள் ஊர்ப் பூத்தையல் அருங்காட்சியகத்துக் காப்பாளரம்மா, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே அலுப்போடு சொன்னது. இரண்டு முறை தொடங்கிக் கைவிட்டேன். ‘நீல விரிப்பில் சிறகடித்த பறவைகள் நூற்றாண்டுகளின்...’ (வேண்டாம். விரிப்புக்கு வயது முப்பதுதான்.)

2

இந்தச் செவ்வாய்க்கிழமை, தையற்கடையில் பொத்தான் தைக்கும் பெண்மணி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விரிப்பின் முன் நின்றார். அட்டையில், சங்கத் தலைவியுடைய மாமியாரின் கைவேலை என்றிருந்தது. அருங்காட்சியகத்தை நடத்துவதே அந்தச் சங்கம்தான்.

“இது நான் போட்டதும்மா” என்றார்.

முழங்கால் வலியோடு நின்ற காப்பாளரம்மாவுக்கு, இதெல்லாம் நான் ஓய்வுபெற்ற பிறகு வரக்கூடாதா என்றுதான் முதலில் தோன்றியதாம். தலைவி சொன்னதைத்தான் எழுதினேன் என்றார். வந்தவர் வாதாடவில்லை. தலைவியின் வீட்டில் ஏழு மாதம் உட்கார்ந்து தைத்தேன், நான் இடதுகைக்காரி, பின்பக்கம் பார்த்தால் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் என்றார்.

(இங்கே அவரை அழவைத்து எழுதிப் பார்த்தேன். அழுகிற ஆளில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

காப்பாளரம்மா பெட்டியைத் திறந்து விரிப்பைத் திருப்பினார். ஒரு துண்டுத் துணியும் ஊசியும் கொடுத்தார். அந்தப் பெண்மணி இடதுகையால் நாலு தையல் போட்டார். அதே சாய்வு.

“என் பேரு போடாட்டி பரவால்ல. அவங்க பேர எடுத்துடுங்க.”

4

தலைவிக்கு போன் போட்டால், துணி எங்களுது, நூல் எங்களுது, யார் தைத்தால் என்ன என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன் என்றும் சொன்னாராம், குரலை உயர்த்தாமலே. காப்பாளரம்மா அட்டையை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாக வேறு அட்டை வைக்கவில்லை.

நான் இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் தலைவி மனம் மாறுகிறார். இன்னொன்றில் தைத்தவர் பேரோடு புது அட்டை ஏறுகிறது, காப்பாளரம்மாவின் வேலை போகிறது. இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

“நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் நான் தைரியசாலியா இருந்தாகணும்” என்றார். கைப்பையை மறுதோளுக்கு மாற்றினார். “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

என் பஸ் வந்துவிட்டது என்றேன்.

வரவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். இன்று வியாழன். நாளை தலைவி வருகிறார். அவர் கேட்டது அப்படியே கிடக்கிறது. நீங்களாவது பதில் சொல்லுங்கள்.