ஐந்து நிமிட ஓய்வு

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சிலும் பதற்றத்திலும் அளவு ஏறிவிடும்; எங்கள் மருத்துவமனையில் அது சட்டம். பதினோரு வருட நர்ஸ் வேலையில் ஒரு நாளும் நான் அதை மீறியதில்லை. அன்று மீறினேன், வேண்டுமென்றே.

நாற்காலியில் இருந்தவர் என் அப்பா வேலை பார்த்த கிடங்கின் பழைய மேற்பார்வையாளர். ஒரு மூட்டை குறைந்ததற்காக அப்பாவை வாசலில் நிறுத்தி, அத்தனை பேர் முன்னால் அரைமணி நேரம் திருடன் என்று திட்டியவர். மூட்டை மறுநாள் வேறொரு லாரியில் கிடைத்தது. அப்பா அதற்குள் போய்விட்டார். "திடீர்னு அதிர்ச்சி. பிரஷர் எகிறி, ரத்தம் உறைஞ்சு இதயக் குழாயை அடைச்சிருச்சு," என்றார் அன்றைய டாக்டர்.

இப்போது இந்த மனிதருக்குப் பள்ளி வேன் ஓட்ட உடல்தகுதிச் சான்று வேண்டும். நூற்று அறுபதைத் தாண்டினால் வேலை கிடையாது. தானாக வந்து மாட்டியிருக்கிறார், விடுவேனா? பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே ஆரம்பித்தேன்.

"என்னைத் தெரியுதா சார்? உங்க கிடங்குல எடை போட்டவரோட பொண்ணு. வாசல்ல நிக்க வச்சு திருடன்னு சொன்னீங்களே, அவரு."

திருதிருவென விழித்தார்.

"யாரும்மா? அங்க எத்தனையோ பேரைத் திட்டியிருக்கேன். யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

"அன்னிக்கு சாயங்காலமே செத்துப் போயிட்டாரு."

"அடடா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், பாவி. "அப்பா இல்லாம வளர்ந்து நல்ல நிலைமைக்கு வந்துட்டே. சந்தோஷம்மா."

காற்றை ஏற்றி மெல்ல இறக்கினேன். நூற்று இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடி பார்த்தேன். நூற்று இருபது. பதினாறு வருடம் நான் சுமந்ததில் ஒரு துளிகூட அவர் ரத்தத்தில் ஏறவில்லை.

"ரொம்பக் களைப்பா தெரியுறியே, சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, கண் பரிசோதனைக்காகப் பக்கத்து அறைக்குப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுப் பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டேன். காற்றை ஏற்றி இறக்கினேன். முதல் துடிப்பு எங்கோ உயரத்திலேயே காதில் இடித்தது. நூற்று எழுபத்தாறு.

மேசையில் அவருடைய படிவம் கிடந்தது. பிரஷருக்கான கட்டம் இன்னும் காலி. பட்டையை அவிழ்க்காமலே பேனாவைத் திறந்தேன்.