வலிக்காத கம்மல்

நாங்குநேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசிவிட்டுப் போன நேரத்தில், தேவமணி பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் முடிவாகிவிட்டது என்று தெரிந்தது. மாப்பிள்ளை பாக்கியசீலன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. தகப்பன் இல்லை. தாய் சாரம்மாளின் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. அவள் வேறெதையும் பெரிதாகக் கேட்கவில்லை. பெண் மூளிக் காதோடு வேதக்கோயிலுக்குள் வந்து நிற்கக் கூடாது, ஒரு சிவப்புக்கல் கம்மலாவது போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தேவமணியின் தகப்பனார் எலியேசர் உபதேசியார், அதற்கென்ன, போட்டுவிடுவோம் என்று தலையாட்டிவிட்டார்.

அதற்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதும் சாரம்மாள் தேவமணியின் காதைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. தேவமணி எப்போதும் தலைமுடியைக் காதின்மேல் தாழ்த்தி வாரி, பின்னால் கொண்டை போடுகிறவள். உபதேசியார் வீட்டுப் பெண், நகை ஆகாது என்று வெறுங்காதாக விட்டிருக்கிறார்கள் என்றுதான் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் காதில் துளையே இல்லை என்பதை எலியேசர் சொல்லவில்லை.

"எங்கன ஐயா போடுறது?" என்று தேவமணி கேட்டாள்.

அவர் வேதப் புத்தகத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டே, ஆசாரியிடம் கேட்டால் ஏதாவது வழி இருக்கும் என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் தேவமணிக்குக் காது தாடையைத் தொட்டுத் தொங்கியது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அம்மா காது குத்தி, ஓலைச் சுருளும் பிறகு பாரமான ஈயக் குணுக்கும் போட்டு, நாளுக்கு நாள் வளர்த்த காது. அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். அம்மா பேதியில் போய்ச் சேர்ந்த வருஷம், தொங்கு காது அஞ்ஞான வழக்கம், கிறிஸ்தவப் பெண்களுக்கு ஆகாது என்று கோயில்களில் பிரசங்கம் நடந்தது. ஆஸ்பத்திரியில் காதை அறுத்துத் தைத்துச் சின்னதாக்கிக் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். எலியேசரும் தன் சபையில் மூன்று ஞாயிறு அதையே சொல்லிப் பார்த்தார். ஒரு குடும்பமும் அசையவில்லை. நாலாவது ஞாயிறு, என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் அறிக்கை செய்தார். மறுநாள் வண்டி கட்டினார். தேவமணிக்கு அப்போது பத்து வயது.

இடது காது ஒரு மாதிரி ஒட்டிக்கொண்டது. வலது காது சீழ் வைத்து மூன்று மாதம் ஆறாமல் கிடந்து, கடைசியில் சுண்டைக்காய் அளவு தடித்த தழும்பாக நின்றது. அதைப் பார்த்த சபையார் தங்கள் பெண்பிள்ளைகளை ஒளித்து வைத்துக்கொண்டார்கள். மொத்தம் இரண்டே பேர்தான் அவளுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்புறம் காலம் மாறியது. சபைப் போதகர்களான ஐயர்மார் வீட்டுப் பெண்களே காதில் சின்னதாகத் துளையிட்டுக் கல் கம்மல் போட ஆரம்பித்தார்கள். பிரசங்கத்தில் காதைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. எலியேசரும் அதை மறந்துபோனார்.

பாபநாசம் ஆசாரி அவள் காது இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியால் தழும்பைப் பைய அமுக்கினார்.

"இதுல ஊசி ஏத்துனா நிக்காது, வாத்தியாரம்மா. கல்லு பாரத்துக்குக் கிழிஞ்சுரும்."

ஆனால் அவருக்கு ஒரு யோசனை இருந்தது. ஒரு துரைசாணியின் காதணி பழுது பார்க்க வந்திருந்ததாம். அதில் காதுக்குள் போகும் காம்பு இல்லை, பின்னாலிருந்து திருகி நெருக்குகிற வேலைப்பாடு. திருகு நம் ஆட்களுக்குத் தோதுப்படாது, அதற்குப் பதில் வில் வைத்துக் காதைக் கவ்வும்படி செய்துவிடலாம் என்றார். பத்து நாளில் செய்தும் கொடுத்தார். ஏழு சிவப்புக்கல் பதித்த கம்மல். முன்னாலிருந்து பார்த்தால் துளைபோட்டு மாட்டியதைப் போலவே இருந்தது.

போட்டு அரைமணி நேரத்தில் தேவமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தழும்பின் நடுவில் உணர்ச்சி இல்லை. அதன் ஓரத்தில்தான் நண்டு கடித்தது மாதிரி விண் விண்ணென்று தெறித்தது. கல்யாண ஆராதனை ஒன்றரை மணி நேரம், பிறகு ஊர்வலம், பிறகு விருந்து. முகம் சுளிக்காமல் எப்படி நிற்பது?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் அதே வேலையாக உட்கார்ந்தாள். துணி சுற்றிப் பார்த்தாள், நழுவியது. தேன்மெழுகு வைத்துப் பார்த்தாள், வெயிலில் இளகி வழிந்தது. வில்லை ஒரு குச்சியில் மாட்டி இரவெல்லாம் விரித்து வைத்தாள். பிடி தளர்ந்தது, ஆனால் குனிந்தால் கம்மல் கழன்று விழுந்தது. இறுக்கினால் வலி, தளர்த்தினால் விழுகிறது. ஒரு வாரம் இதையே மாற்றி மாற்றிச் செய்த பிறகு அவளுக்கு ஒன்று புலப்பட்டது. வில்லுக்கு இரண்டு வேலை இருந்தது. கம்மலின் பாரத்தையும் அதுவே தாங்கியது, ஆடாமல் பிடிப்பதையும் அதுவே செய்தது. பாரத்தை வேறெதன் மேலாவது ஏற்றிவிட்டால், வில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த நாளே ஆசாரியிடம் போனாள். கம்மலிலிருந்து மெல்லிய மாட்டல் சங்கிலி ஒன்று காதுக்கு மேலாகப் போய்க் கொண்டை முடியில் மாட்ட வேண்டும் என்றாள். பின்பக்கத்துக் குமிழ் ஒரே இடத்தில் குத்துகிறது, அதை எடுத்துவிட்டு வேப்பிலை மாதிரி நீளத் தகடாக வைத்தால் தழும்பைத் தாண்டி நல்ல சதையில் படியும் என்றாள். தகட்டுக்கு உள்ளே ஒட்டுவதற்கு, புத்தகம் கட்டுகிற இடத்தில் வாங்கிய மெல்லிய ஆட்டுத்தோல் துண்டையும் கொண்டுபோயிருந்தாள். ஆசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த மூளை எனக்கு வராமல் போயிற்றே என்று சிரித்தார்.

புதுக் கம்மலை ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை போட்டிருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், சந்தைக்குப் போய் வந்தாள். கழற்றும்போது காது சிவக்கவே இல்லை. கண்ணாடியில் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அவள்மேல் ஒரு பெருமை வந்தது.

ஆனால் மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எலியேசர் ஒப்பவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போது பேச்சை எடுத்தால் கல்யாணம் நின்றுபோகும், இருபத்துநாலு வயதாகிவிட்டது என்றார்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மறுநாள் நாங்குநேரி வீட்டில் பாக்கியசீலன் தனியாக இருந்தபோது தேவமணி முடியை ஒதுக்கிக் காதைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குனிந்து தழும்பைப் பார்த்தான். பிறகு, இதில் உன் தப்பு என்ன இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், சமயம் பார்த்து நானே சொல்கிறேன் என்றான். இப்படிப்பட்ட மனிதன் கிடைத்தானே என்று அவள் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை புட்டுக்கு மாவு இடித்தாள். குனிந்து நிமிர்ந்து இடித்ததில் மாட்டல் எப்போதோ முடியிலிருந்து நழுவியிருக்கிறது. வில்லின் பிடி அத்தனை மெதுவானது. கடைசியில் மாவை அள்ளும்போது வலது கம்மல் உரலுக்குள் விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. மாவைச் சலித்தவள் சாரம்மாள். சல்லடையில் சிவப்பாக ஏதோ தங்கியது. எடுத்து ஊதிப் பார்த்தாள். திருப்பினாள். காம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடும் தோலும் இருந்தன. எழுந்து வந்து, மாவுக் கையாலேயே மருமகளின் முடியை விலக்கிக் காதைப் பார்த்தாள்.

எலியேசருக்கு ஆள் போயிற்று. இரண்டு நாளில் வந்து சேர்ந்தார். வள்ளியூரிலிருந்து சாரம்மாளின் தம்பியும் வந்திருந்தார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தேவமணி கதவோரம் நின்றாள். சாரம்மாள் முதலில் மகனிடம்தான் கேட்டாள்.

"ஏலே, உனக்குத் தெரியுமா இது?"

பாக்கியசீலன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதும்மா" என்றான்.

தேவமணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

காதை அறுத்தது யார், ஏன் மறைத்தீர்கள் என்று தாய்மாமன் எலியேசரைக் கேட்டார். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சின்னதுல அவளுக்குப் பக்தி ரொம்ப. பிரசங்கத்தைக் கேட்டுட்டு, அறுத்தே தீரணும்னு அடம்பிடிச்சா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்கலியே."

அவர் பொய் சொல்லி தேவமணி அதுவரை கேட்டதில்லை. சபையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் அவர் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியது, தான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று அழுதது எல்லாம் அவள் கண்முன் வந்தன.

"எனக்குப் பத்து வயசு ஐயா," என்றாள். "வண்டி கட்டுனது நீங்க."

எலியேசர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை. காப்பி கூடக் குடிக்காமல் அன்றைக்கே திரும்பிப் போனார்.

கோயிலில் வைத்து நடந்த கல்யாணத்தை முறிக்க முடியாது. ஊருக்குத் தெரிந்தால் தனக்குத்தான் கேவலம் என்று சாரம்மாள் முடிவு செய்தாள். கம்மலைத் தம்பி மூலம் வள்ளியூர் ஆசாரி ஒருவரிடம் கொடுத்து, இனி எந்த ஜென்மத்திலும் கழன்று விழாதபடி வில்லை இறுக்கி வாங்கினாள். தோல் வெளியே தெரிகிறது என்று அதைப் பிய்த்துப் போட்டாள். மாட்டல் போட்டால் பார்க்கிறவர்கள் கண் நேரே காதுக்குப் போகிறது என்று அதையும் எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நாங்குநேரிப் பள்ளிக்கூடத்தில் தேவமணி வேலைக்குச் சேர்வதாக இருந்ததும் நின்றது.

ஞாயிறுதோறும் அந்தக் கம்மலைப் போட்டுக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனாள். பாட்டு, வாசிப்பு, பிரசங்கம், ஜெபம் என்று ஒவ்வொன்றும் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவளுக்குக் காதால் தெரியும். வந்து கழற்றினால் தகட்டின் அச்சு நீலமாகப் பதிந்திருக்கும். மழைக்காலத்தில் புண்ணாகி நீர் வடியும். ஒரு தடவை பாக்கியசீலனிடம் காட்டினாள். ரெண்டு மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொள் என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அவன் எதற்குமே கோபப்படுகிறவன் இல்லை என்பதை அதற்குள் அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. விளைச்சலைக் கோயிலில் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு வெளியூர்ச் சபைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தியில் தேவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எலிசபெத், ஏரலில் ஒரு கம்பவுண்டரின் மனைவி. சாப்பிட்டுக்கொண்டே அவள் தேவமணியின் காதைப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல், உங்களுக்கும் அறுத்தார்களா என்று கேட்டாள். தேவமணி தலையசைத்தாள். எலிசபெத் தன் முடியை ஒதுக்கிக் காட்டினாள். அதே தையல் கோடு. அதன்மேல் நீலக்கல் கம்மல், மாட்டல் சங்கிலி, பின்னால் வேப்பிலைத் தகடு.

"பாளையங்கோட்டையில பாபநாசம் ஆசாரின்னு ஒருத்தர் செய்யுதாரு. நம்மளை மாதிரி காது அறுத்தவங்க எங்கெங்கெருந்தோ போறாங்க. போட்டதே மறந்துபோகும், அக்கா. ஒரு வாத்தியாரம்மா சொல்லிக் குடுத்த வித்தையாம். அவ மகராசியா இருக்கணும். நீங்களும் போய் வாங்கிக்கிடுங்க."

பார்ப்போம் என்றாள் தேவமணி. மீதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே நினைத்தாள். அந்த வாத்தியாரம்மா நான்தான் என்று ஏன் சொல்லவில்லை? சொன்னால், பிறகு ஏன் இந்தக் கதி என்று அவள் கேட்டிருப்பாள். போய் வாங்கலாம்தான். அடம்பிடித்தால் மாட்டலைக்கூடத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் வலி போனாலும் அந்தக் காதை மறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அப்பா சொன்ன பொய்க்கும், ராத்திரி வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிற புருஷன் சொன்ன பொய்க்கும் அவள்தான் ஞாயிறுதோறும் நகை போட்டுக் காவல் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் இழுத்து வாரி முடிந்துகொண்டு, வெறுங்காதாக வெளியே வந்தாள். சாரம்மாள் பார்த்தாள், உடனே மகன் பக்கம் திரும்பினாள்.

"உள்ள போய் மாட்டிட்டு வா," என்றான் பாக்கியசீலன்.

"வலிக்குது."

"இத்தன நாளும் வலிச்சுதுதானே."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டான். பிறகு தாயும் மகனும் முன்னால் நடந்தார்கள். இருபது முப்பது அடி விட்டு அவள் பின்னால் போனாள். கோயிலில் பெண்கள் பக்கம் சாரம்மாள் எழுந்து வேறு பாய்க்கு மாறிக்கொண்டாள். பாட்டு நடக்கும்போதே தலைகள் திரும்பின. யாரோ ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது. பாக்கியசீலன் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டான். ஒரு மாதம் கழித்து எலியேசரிடமிருந்து கடிதம் வந்தது. மனைவிமார் புருஷருக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அவள் அதை முழுவதும் வாசித்தாள். பதில் எழுதவில்லை. ஞாயிறுதோறும் வெறுங்காதோடு தனியாகக் கோயிலுக்குப் போய், யாரும் உட்காராத பாயில் உட்கார்ந்து, தனியாகத் திரும்பி வந்தாள்.