வாங்க ஆளில்லாத ஜீவனாம்சம்

பொன்ராஜுக்கு அந்த எண்பது ரூபாயைக் கொடுக்க மனமில்லை. தங்கத்துக்கு அதை வாங்க மனமில்லை. எட்டு வருஷக் குடித்தனத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஆனால் சைதாப்பேட்டை கோர்ட்டில் அதற்குள் தீர்ப்பாகிவிட்டது. ஏழு வயது ஜெயபாரதிக்கு அப்பன் மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும்.

வழக்கு தங்கத்தின் பெயரில் இருந்தாலும், போட்டது அவள் அண்ணன் நல்லசிவம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பொன்ராஜ் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கத்தின் நகைகளை அடகு வைத்து, கோடம்பாக்கத்தில் ஒரு சோடாக் கம்பெனியில் கூட்டுச் சேர்ந்திருந்தான். மறுவாரமே அவள் மகளைக் கூட்டிக்கொண்டு மந்தைவெளியில் ஒரு அறை பிடித்தாள். ரவிக்கை தைத்து வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டினாள். அவளுக்கு அது போதும். நல்லசிவத்துக்குத்தான் மச்சானைக் கூண்டில் ஏற்றிப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. வேலை நடுவே அவர் நீட்டிய காகிதத்தில், தொந்தரவு விட்டால் சரி என்று தங்கம் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

முதல் மணியார்டர் வந்தபோது, வேண்டாம் என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவதும் அப்படியே போயிற்று. பொன்ராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனிக் கூட்டாளிகளுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தான். அதற்குள் நல்லசிவம், பணம் வரவில்லை என்று வக்கீல் வேம்புவை வைத்து மறுபடி மனுப் போட்டார். திரும்பி வந்த மணியார்டர் கட்டினதாகக் கணக்கில்லை, பணம் கட்டாவிட்டால் ஜெயில் என்று பொன்ராஜின் வக்கீல் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே அவன் மந்தைவெளிக்கு ஓடினான். தங்கம் தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கம், உன் காலப் பிடிச்சுக் கேக்கேன். இத வாங்கிக்க."

"வேண்டாம்."

"அப்ப வேண்டாம்னு எழுதிக் குடு."

"அண்ணன் கோவிச்சுக்கிடும்."

"உங்க அண்ணன் கோவத்துக்கு நான் ஜெயிலுக்குப் போவணுமா?"

தங்கம் நூலைப் பல்லால் கடித்தாள். "சோடாக் கம்பெனிக்குப் போறதுக்கு என்னையக் கேட்டியளா?" என்றாள். பொன்ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கோர்ட்டில் பொன்ராஜ் கூண்டில் ஏறியதும் கும்பிட்டான். "ஐயா, பணம் குடுக்கேன். இப்பவே குடுக்கேன். வாங்கச் சொல்லுங்க."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போன விசாரணையில், கால் காசுக்கு வழியில்லை என்று சத்தியம் செய்தவன் இவன்தான்.

"நீங்க ஏம்மா வாங்கல?"

"எனக்கு வேண்டாங்கய்யா."

"உங்களுக்கு யார் கொடுக்கச் சொன்னது? குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னேன். அதை வேண்டாம்னு சொல்ல நீங்க யார்?"

தங்கத்துக்குச் சுருக்கென்றது. அவள் அப்படி யோசித்ததே இல்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"வாங்கிட்டா உரிமையா வாசல்ல வந்து நிப்பாவய்யா. புள்ள என்ன தின்னுச்சு, எதுக்குச் செலவழிச்சன்னு கேப்பாவ. நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும்."

"அப்படிக் கேட்பியாப்பா?"

"கேக்கவே மாட்டேன்யா," என்றான் பொன்ராஜ்.

அப்போது பெஞ்சியில் மாமன் பக்கத்தில் இருந்த ஜெயபாரதி எழுந்தாள். "அப்பா கேக்கட்டும். அம்மா சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன்."

டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் குலாம் ரசூல் விரைந்து வந்தார். "இன்னா பாப்பா, இது கோர்ட்டு. கம்முனு குந்து."

"பேசட்டும் விடுங்க," என்றார் மாஜிஸ்ட்ரேட். நல்லசிவம் வேம்புவின் கோட்டை இழுத்தார். வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை. பொன்ராஜ் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மூக்கைத் துண்டால் துடைத்தான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தகப்பன் நேரில் வந்து குழந்தை கையில் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவன் வந்தான், கொடுத்தான். ஜெயபாரதி வாசல்படியில் உட்கார்ந்து மாதக் கதை முழுவதையும் சொன்னாள். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் வாயைப் பிளந்து கேட்டான். தங்கம் உள்ளே மிஷினை மெதுவாக மிதித்தாள்.

ஐப்பசி மழையில் சோடா வியாபாரம் படுத்துவிட்டது. அந்த ஞாயிறு பொன்ராஜ் தொப்பலாக நனைந்து, வெறுங்கையோடு வந்து தெருவிலேயே நின்றான். தங்கம் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியை எடுத்துக் கதவுக்கு உட்பக்கம் போட்டாள்.

"மழை விடுறவரைக்கும்தான்," என்றாள்.

மறுநாள் நல்லசிவம் வந்து, "இந்த மாசம் வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தாவ," என்றாள் தங்கம். பணத்தைப் பற்றி அண்ணன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.