படுத்துக் காட்டுகிற வேலை

மெத்தைக் கடைக்காரனுக்குத் தூக்கம் இல்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தூக்கம் விக்கிறீங்க. உங்க கண்ணைப் பாருங்க, கோவைப்பழம் மாதிரி இருக்கு."

வாரம் முழுக்கக் கடை திறந்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. விடுமுறை நாளில் மெத்தை வாங்க வருவார்கள். மற்ற நாளில் விலை மட்டும் கேட்க வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பல்லைக் காட்ட நான் ஒருவன்தான்.

பல் தேய்ந்தாலும் பரவாயில்லை. வாய் கெட்டுப்போனதுதான் வினை. போன வாரம் என் மகள் வழக்கம்போலப் பள்ளி விட்டு வந்து கடைசி மெத்தையில் குதித்தாள். நடக்கப் பழகிய நாள் முதல் அவள் குதிக்கிற மெத்தை அது. வாடிக்கையாளர்கள் முன்னால் நான் கத்திய கத்தலில் எனக்கே பயம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கடைப் பக்கமே வருவதில்லை. பையோடு நேரே சித்தி வீடுதான்.

"அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேனே" என்றேன் மனைவியிடம்.

"கேட்டீங்க. திரும்பக் கத்த மாட்டீங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? முதல்ல தூங்குங்க."

"கடையை யார் பாக்கிறது?"

"மெத்தைக்குக் கால் இல்ல. எங்கேயும் ஓடிடாது."

மறுநாள் மதியம் ஒரு நர்ஸ் வந்தார். கூச்சப்படுகிற வாடிக்கையாளருக்குக் கடைக்காரனே படுத்துக் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். படுத்தபடி பேசலாம், கண்ணை மட்டும் மூடக் கூடாது.

"நீங்களே படுத்துப் பாருங்க மேடம்."

"ஐயோ, நான் படுத்தா எழுந்திரிக்க மாட்டேன். நீங்க காட்டுங்க சார்."

படுத்தேன். "பாருங்க மேடம், முதுகு எப்படி நேரா... இடுப்புக்கு..."

இடுப்புக்கு என்ன என்பது அந்த நர்ஸுக்கு இன்றுவரை தெரியாது.

விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது, கன்னத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் என் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "முதலாளி படுத்துக் காட்டிட்டு இருக்காரு. முடிஞ்சதும் வாங்க."

"அந்த நர்ஸ்?" என்றேன் பதறி.

"அவங்கதான் போர்டுல நம்பர் பாத்து எனக்கு போன் பண்ணாங்க. உங்களை எழுப்பக் கூடாதாம். அதே மெத்தைதான் வேணுமாம். இப்படி ஒரு விளம்பரத்தை எங்கேயும் பாத்ததில்லையாம்." சொல்லிவிட்டுக் கடைசி மெத்தையை நோக்கி முகவாயை ஆட்டினாள்.

மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, உங்க குறட்டை ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

"நீ எப்போ வந்தே?"

"அம்மாதான் வரச் சொன்னாங்க. நீங்க தூங்குறீங்கன்னு நான் நம்பவே இல்ல."

குதிக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. மெத்தையை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குள் இருந்த கடைக்காரன் வாயைத் திறந்தான். நல்லவேளை, கொட்டாவிதான் வந்தது.

"குதி. இன்னிக்குக் கடை லீவு."

"இன்னிக்கு மட்டுமா?"

ஷட்டரில் கை வைத்தபடி மனைவியும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வாரா வாரம், இதே நாள்" என்றேன்.

நான் மனம் மாறுவதற்குள் மனைவி ஷட்டரை முழுதாக இழுத்து விட்டாள். கடைசி மெத்தையில் ஸ்பிரிங் கிறீச்சிட ஆரம்பித்தது. நான் மறுபடி படுத்தேன், இந்த முறை யாருக்கும் காட்டுவதற்காக அல்ல.