உள்ளே இருப்பவன் போட்ட கையெழுத்து

துளசிங்கம் ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றவர். பொழிச்சலூரில் அப்பன் விட்டுப்போன நிலத்தில் கடைசியாக மிஞ்சிய துண்டு அது. முதலில் வாங்கியவன் வேலிகூடப் போடாமல் துபாய்க்குப் போய்விட்டான். சும்மாதானே கிடக்கிறது என்று இன்னொருவனுக்கும் பத்திரம் போட்டுக் கொடுத்தார். அதற்கு வேண்டிய சீல், கையெழுத்து எல்லாம் அவர் கைவேலைதான். கோர்ட் மூன்று வருஷம் போட்டது. ஒன்றரை வருஷம் ஓடியிருந்த நேரத்தில், மகள் ஹேமாவதியின் கல்யாணத்துக்கென்று ஜெயிலில் ஆறு நாள் லீவு கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தினமும் பகல் பன்னிரண்டுக்குள் வீட்டுப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு நாள் தவறினாலும் லீவு கேன்சல், வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

கல்யாணம் நாளைக் காலை. இன்று முதல் கையெழுத்து. பத்தரைக்கே போய் நின்றார்.

ஸ்டேஷன் ரைட்டர் வேதசிரோமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"பேரு?"

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கற? என்னைப் புடிச்சிகினு போனதே நீதானே. துளசிங்கம்."

"தெரியுதுய்யா. ஆனா நீ உள்ள இருக்கியே."

"எதுக்குள்ள?"

"ஜெயிலுக்குள்ள. இதோ, சிஸ்டம் சொல்லுது."

துளசிங்கம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் ஸ்டேஷன் தரையில்தான் இருந்தன. லீவு உத்தரவை எடுத்து நீட்டினார். வேதசிரோமணி அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"சீலு நல்லா வந்திருக்கு. எத்தனை நாள் எடுத்துச்சு செய்ய?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். வாழ்நாளில் துளசிங்கம் கைக்கு வந்த ஒரே நிஜமான சீல் அது. அதைத்தான் ஒருத்தனும் நம்பவில்லை.

"ஜெயிலுக்கு போன் போட்டுக் கேளு சார்."

போட்டார்கள். நாலாவது தடவை ஒருவன் எடுத்து, மூன்று நாள் முன்பே மெயில் அனுப்பியாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான். மெயில் வரவில்லை. ஸ்டேஷனின் மெயில் விலாசம் மாறி ஒரு வருஷம் ஆகிறது. ஜெயில்காரர்கள் இன்னும் பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பழையதைத் திறக்கத் தெரிந்தவர் மாற்றலாகி எங்கோ போய்விட்டார். திரும்ப அனுப்பச் சொன்னால், அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்குத்தான் என்றார்கள். இதற்குத்தான் இவர்களுக்கு மாதாமாதம் சம்பளம்.

"அதான் போன்ல சொல்லிட்டானே சார், அனுப்பிச்சேன்னு."

"வாய்வார்த்தை செல்லாதுய்யா. எழுத்துல வரணும். அவங்க சிஸ்டம் வேற, எங்க சிஸ்டம் வேற. ரெண்டும் பேசிக்காது."

"இன்னா, சம்பந்தி சண்டையா?"

பதினொன்றரைக்கு மனைவி கங்கையம்மாள் போன் செய்தாள். "யோவ், பந்தல்காரன் வந்து நின்னுகினு கீறான். ஒரு கையெழுத்துப் போட இவ்ளோ நேரமா? அங்க உனக்கு ரெண்டாம் கல்யாணம் எதுனா பண்றாங்களா?"

"வைடி போனை."

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. வேதசிரோமணி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சரி சார், எனக்கு ஒண்ணு சொல்லு. நான் உள்ள கீறதா சிஸ்டம் சொல்லுது."

"ஆமா."

"இந்த பேப்பரு டூப்ளிகேட்."

"அப்படித்தான் தெரியுது."

"ஆனா நான் இங்க நிக்கறேன். அப்போ நான் யாரு?"

ரைட்டர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"செவுரு ஏறிக் குதிச்சி வந்தவன்!" துளசிங்கம் இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினார். ஸ்டேஷனே அதிரக் கத்தினார். "ஜெயில்லேர்ந்து தப்பிச்சவன் மூஞ்சிக்கு நேரா நிக்கறேன், நீ டீ குடிச்சிகினு கீற! புடி சார், புடி!"

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் அமலராணி ஓடிவந்தார். அவர் காதில் விழுந்தது "ஜெயில்", "தப்பிச்சவன்" இரண்டுதான். அதற்கப்புறம் எதையும் கேட்கவில்லை. ஒரு கையில் வயர்லெஸ், ஒரு கையில் போன். தாம்பரம் சுற்றுவட்டாரம் முழுக்க, துளசிங்கம் என்ற கைதி தப்பிவிட்டான் என்று சேதி பறந்தது. மூன்று நாளாக நகராத சர்க்கார் மூன்றே நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தது.

மீட்டிங்கில் இருந்த ஜெயில் அதிகாரி தாமே கூப்பிட்டார்.

"தப்பிக்கல மேடம்! லீவு! நாங்கதான் அனுப்பினோம்!"

உத்தரவு புது விலாசத்துக்கு மெயிலில் வந்தது. போதாதென்று வாட்ஸ்அப்பிலும் வந்தது. பதினொன்று ஐம்பத்தேழுக்கு துளசிங்கம் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ வயர்லெஸ்ல சொன்னது?" என்று கேட்டார்.

"வாபஸ்னு சொல்லியாச்சு," என்றார் வேதசிரோமணி. "எத்தனை பேர் காதுல வாங்கினாங்கன்னு தெரியாது. முறையா லெட்டர் போடணும். ரெண்டு நாள் ஆகும்."

வீட்டுக்குப் போகிற வழியில் பம்மலில் ஒரு ஜீப் அவரைப் பிடித்தது. விட்டதும் வாழைமண்டி வாசலில் இன்னொன்று. லீவில் வந்தவனைத் தன் ஸ்டேஷன் சேதியால் எவனாவது தூக்கிக் கொண்டுபோனால் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்பது அமலராணிக்கு உறைத்தது. மறுநாள் விடியற்காலையிலேயே வேதசிரோமணியைக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்.

பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் காக்கி உடுப்போடு நின்றார் ரைட்டர். ஏழு மணிக்குள் மூன்று ஜீப் வந்துவிட்டது.

"துளசிங்கம் இருக்கானா?"

"இருக்கார். தப்பிக்கல. அது தப்பான மெசேஜ்."

"எழுத்துல இருக்கா சார்?"

"நான்தான் வாயால சொல்றேன்லய்யா! உள்ள போய் டிபன் சாப்பிடு."

நாலாவது ஜீப் வந்தபோது மேடையில் துளசிங்கம் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துக்கொண்டிருந்தார். பந்தியில் ஒரு வரிசை முழுக்கக் காக்கி. மாப்பிள்ளையின் அப்பா குமரேசன் மெல்லக் கிட்டே வந்தார்.

"இன்னா சம்பந்தி, புதுசா எதுனா கேஸா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கவர்மெண்ட்டு என்னை வெளிய வுட்டதை இப்பத்தான் ஒவ்வொருத்தனா தெரிஞ்சிகினு வர்றான்." துளசிங்கம் வாசலைப் பார்க்காமலே மேளக்காரனுக்குக் கையைக் காட்டினார். "புள்ளையைத் தாலி கட்டச் சொல்லு சம்பந்தி. அடுத்த வண்டி வந்துடப் போவுது."