அத்தை சொன்ன ஆமென்

என் மனைவி கடைசியாகச் செய்த ஜெபம் எனக்கானது என்று அவளைப் பெற்ற அத்தை சொன்னார். அதைக் கேட்டவர் அத்தை மட்டும்தான். நான் அப்போது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றிருந்தேன். மேலே வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். அத்தை தலைமாட்டில் நின்று, "நல்லா ஜெபம் பண்ணா பிள்ளை. நானும் ஆமென் சொல்லிட்டேன், மாப்பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் இறந்தாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

"என்னன்னு ஜெபம் பண்ணினா, அத்தை?"

"'என் புருஷன் உம்மை விட்டுப் போயிடக் கூடாது ஆண்டவரே, அவரைப் பிடிச்சுக்கும்'னு கேட்டா."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அடுத்த வருடத்தை ஓட்டினேன். நானாக ஒரு நாளும் ஜெபிக்கவில்லை. முழங்காலில் நின்று பார்த்தேன்; தரை தெரிந்தது. வேதத்தைத் திறந்தேன், எழுத்து தெரிந்தது. ஆனாலும் ஞாயிறு காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். அவள் பிழைக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் கேட்டது கிடைக்கவில்லை. அவள் கேட்டதாவது கிடைக்கட்டும் என்று போனேன்.

சபையில் அந்த ஜெபம் எல்லோருக்கும் தெரியும். அத்தை சொல்லாத ஆள் இல்லை. பாஸ்டர் அதைப் பிரசங்கத்திலேயே சொன்னார். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருட நினைவு ஜெபம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் என்று முடிவானது. முடிவு செய்தது அத்தை.

"நீங்கதான் ஜெபம் பண்ணணும், மாப்பிள்ளை. பாஸ்டர் கடைசியில ஆசீர்வாதம் சொன்னா போதும்."

"எனக்கு வராது, அத்தை."

"வராம என்ன? பட்டம் வாங்கின வாய்தானே. நாள் பூரா செவிடங்ககிட்ட கத்துறீங்க. கர்த்தர்கிட்ட நாலு வார்த்தை பேசக் கூடாதா? அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

நான் காது பரிசோதிப்பவன். கத்துவது என் வேலையில்லை. அதை அத்தையிடம் சொல்லிப் பயனில்லை.

அந்த வாரம் புதன்கிழமை என் மனைவியின் தம்பி அத்தையை எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்து வந்தான். இழுத்து வந்தான் என்பது சரியான சொல். வாசலில் செருப்பைக் கழற்றவே ஐந்து நிமிடம் சண்டை.

"மாமா, பக்கத்து வீட்டுல டிவி ரிப்பேர். அவங்க அதைச் சரி பண்ணவே இல்ல. எங்க டிவி சுவத்து வழியா தெளிவாக் கேக்குதாம்," என்றான்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. இவன் பொண்டாட்டிதான் வாயைத் திறக்காம பேசுறா," என்றார் அத்தை.

"அவ கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குதும்மா."

"அப்ப நீ தெருமுனையில போய் உட்காரு."

அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

பரிசோதனை அறை என்பது அறைக்குள் இன்னொரு அறை. குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் போலத் தடித்த கதவு. சுவர் முழுவதும் துளை போட்ட சாம்பல் நிறப் பலகை. ஒரு நாற்காலி, காதில் மாட்டும் ஹெட்போன், நீண்ட ஒயரின் நுனியில் ஒரு பொத்தான். கதவைச் சாத்தினால் வெளியுலகம் அற்றுப்போகும். முதல் முறை உட்காருகிறவர்கள் தங்கள் மூச்சுச் சத்தத்தையே கேட்டு மிரள்வார்கள். நான் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கருவியின் முன் உட்காருவேன். உள்ளே பொத்தானை அழுத்தினால் என் பக்கம் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை.

எல்லோருக்கும் சொல்வதையே அத்தைக்கும் சொன்னேன். "சின்னதா ஒரு சத்தம் வரும், அத்தை. எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி, வந்த மாதிரி சந்தேகமா இருந்தாலும் சரி, அழுத்துங்க."

பெரிய சத்தத்தில் தொடங்கினேன். விளக்கு எரிந்தது. குறைத்தேன். எரிந்தது. இன்னும் குறைத்தேன். எரிந்தது. பிறகு வழக்கப்படி எதையும் அனுப்பாமல் சும்மா இருந்தேன்.

விளக்கு எரிந்தது.

காத்திருந்தேன். மறுபடி எரிந்தது. அத்தை கண்ணை மூடி, ஆலயத்தில் உட்காரும் அதே முகத்தோடு, சீராக அழுத்திக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"அத்தை, சத்தம் வந்தா மட்டும்தான் அழுத்தணும்."

"வந்துச்சே."

"நான் ஒண்ணும் அனுப்பலையே."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. சும்மாவா உட்கார்ந்திருப்பீங்க? ஏதாவது அனுப்பிக்கிட்டுத்தானே இருப்பீங்க?"

"சும்மாதான் இருந்தேன். சில நேரம் வேணும்னே அனுப்ப மாட்டேன்."

"அது எதுக்கு?"

"கேக்காமலே அழுத்துறாங்களான்னு பார்க்க."

"அடப் பாவமே. இது என்ன போலீஸ் வேலையா?" என்று முறைத்தார். பிறகு, "சரி, போங்க. இனிமே ஒழுங்கா இருக்கேன்," என்றார்.

ஒழுங்காக இருந்தார். அதுதான் வினை. இப்போது விரல் அசையவே இல்லை.

மெல்லிய சத்தங்களை அனுப்பினேன். விளக்கு எரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தணிவாகப் பேசும் குரலின் அளவுக்கு ஏற்றினேன். எரியவில்லை. எதிரெதிரே நின்று பேசும் குரலின் அளவுக்கு வந்தபோதுதான் ஒருமுறை எரிந்து, அடுத்த முறை எரியாமல், பிறகு எரிந்தது. இரண்டு காதும் அப்படித்தான். வயதால் வரும் குறை. ஆனால் ஒரே வருடத்தில் இந்த அளவுக்கு இறங்காது. பல வருடங்களாக மெல்ல மெல்ல இறங்கியிருக்க வேண்டும்.

கையைக் கருவியிலிருந்து எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் தொண்டையிலிருந்து குழாயை எடுத்த பிறகு குரலே இல்லை. மூச்சுதான் வந்தது. அவள் தண்ணீர் கேட்டால்கூட நான் உதட்டோடு காதை ஒட்ட வைக்க வேண்டியிருந்தது. அப்போதும் பாதிதான் புரியும். என் காதுகள் நல்ல காதுகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை கண்ணைத் திறந்து, 'எப்படி?' என்று கையை ஆட்டினார்.

உள்ளே இருப்பவரிடம் பேச எனக்கு ஒரு மைக் உண்டு. சத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். கூட்டினேன்.

"அத்தை, நான் பேசுறது கேக்குதா?"

"ஐயோ, பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு, மாப்பிள்ளை!" முகம் மலர்ந்தது.

"அன்னைக்கு அவ ஜெபம் பண்ணினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

முகம் அப்படியே நின்றது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பொத்தானைப் பார்த்தார். கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது.

விளக்கு எரியவில்லை.

பொத்தானைப் பார்த்தபடியே சொன்னார். "உதடு அசைஞ்சுது. குனிஞ்சு காதைக் கொடுத்தேன். மூச்சு பட்டுச்சு, சூடா. முடிச்சுட்டு என் முகத்தைப் பார்த்தா. ஆமென் சொல்லணும்ல? சொன்னேன்."

"அப்ப என்னைப் பத்திக் கேட்டான்னு சொன்னது?"

"வேற என்னத்தைக் கேட்டிருப்பா? என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

அவரே தொடர்ந்தார். "கேக்கலைம்மா, இன்னொரு தடவை சொல்லுன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா அவ மறுபடி மூச்சைக் கூட்டணும். களைச்சுப் போயிருந்தா, மாப்பிள்ளை."

மைக்கை அணைத்தேன். தம்பி திரும்பி வந்து, "என்ன மாமா, பாஸா ஃபெயிலா?" என்றான். "மெஷின் வைக்கணும்," என்றேன். போட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் காதுக் கருவிகளில் இரண்டை எடுத்து அத்தையின் காதுகளில் பொருத்தி அனுப்பினேன். அவனிடம் வேறெதுவும் சொல்லவில்லை. போகும்போது அத்தை, தன் செருப்பு தரையில் உரசும் சத்தத்துக்கே திடுக்கிட்டு நின்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பிடிச்சுவரைப் பிடித்தபடி ஒரு வருடம் மாடியில் நின்றவன், சுவரே இல்லை என்று தெரிந்ததும் அசையாமல் நிற்பது போல நின்றேன். அவள் என்னைப் பற்றிக் கேட்டிருக்கலாம். வலி நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். அது ஜெபம்தானா என்றே தெரியாது. இனி ஞாயிற்றுக்கிழமை நான் போனாலும் போகாவிட்டாலும் யாருக்கும் வாக்குத் தவறியது ஆகாது. கதவு திறந்திருந்தது. போய்விடலாம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து பாஸ்டரிடம் போனேன். ஆலயத்தில் தனியாக உட்கார்ந்து, கால் ஆடும் நாற்காலிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அதை வச்சு நான் பிரசங்கமே பண்ணிட்டேனே," என்றார்.

"ஆமா."

"நல்ல பிரசங்கம் வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்தில் முதல் முறை. உடனே நின்றும் விட்டது. அவருக்கு என்னிடம் சொல்ல ஏதோ ஒரு வசனம் வாய் வரை வந்ததும், அதை அவர் விழுங்கியதும் தெரிந்தது. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

"நாளைக்கு நான் ஜெபம் பண்ண மாட்டேன், பாஸ்டர். எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. இல்லாததைச் சொல்ல முடியாது."

"சரி, நானே பண்றேன். நீங்க வந்து உட்காருங்க, போதும்."

"என் வீட்டுலதானே நடக்குது. எங்க போக?"

வெள்ளிக்கிழமை கூடத்திலிருந்த சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். சபையிலிருந்து சிலர் வந்தார்கள். பாட்டு முடிந்தது. அத்தை வழக்கமாகப் பாட்டில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவார். அன்று சேர்ந்தே பாடினார். காதுக்குப் பின்னால் கருவி சேலை முந்தானைக்குள் மறைந்திருந்தது.

பாஸ்டர் எழுவதற்குள் பின்னால் இருந்த தையல்கார அக்கா, "அம்மா, அந்தக் கடைசி ஜெபத்தை உங்க வாயாலயே ஒரு தடவை சொல்லுங்கம்மா. அதைக் கேட்டாலே எனக்குப் பெலன் வருது," என்றார். "ஆமா, சொல்லுங்க," என்று வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

அத்தை வாயைத் திறந்தார். ஒரு வருடமாகத் தடையில்லாமல் வந்த வரி வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவரால் அதைச் சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. முந்தானையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டார். பாஸ்டர் பாயைப் பார்த்தார். பெண்ணைப் பறிகொடுத்த அத்தை அத்தனை பேர் நடுவில் பிடிபட்டவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"நான் ஜெபம் பண்றேன்," என்றேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, அவ கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்கிறது உங்களுக்குத் தெரியும். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

நிறுத்தினேன். தம்பி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"ஒரு வருஷமா எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்தப் பக்கத்திலேருந்து நீங்க ஏதாவது அனுப்புறீங்களா, இல்ல சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களான்னு தெரியல. கேக்காததைக் கேட்டதாச் சொல்ல என்னால முடியல. எழுந்து போயிடலாம்னு இருந்தேன். இன்னும் போகல. உள்ளேதான் உட்கார்ந்திருக்கேன். பொத்தான் கையில இருக்கு."

அதற்கு மேல் வரவில்லை. ஜெபத்தை முடிக்கும் வழக்கமான வார்த்தைகளைச் சொல்லவும் தோன்றவில்லை. முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. சபையில் ஒரு ஜெபத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் ஆமென் வராமல் நான் பார்த்ததில்லை.

பிறகு அத்தை சொன்னார். வழக்கம்போல உரக்க அல்ல. மெல்ல. "ஆமென்."

பாஸ்டர் ஆசீர்வாதம் சொன்னார். எல்லோரும் போனார்கள். தையல்கார அக்கா போகும்போது பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். நான் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"முழுசும் கேட்டுச்சு, மாப்பிள்ளை. ஒரு எழுத்து விடாம."

"ம்."

"இதுவா ஜெபம்? ஆண்டவரை யாராவது 'நீங்க'ன்னு சொல்வாங்களா? 'நீர்'னு சொல்லணும்."

"வாயில வந்துடுச்சு."

"நாளைக்குப் பண்ணும்போது சரியாச் சொல்லுங்க."

நாளைக்குப் பண்ணுவேன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அத்தை காதிலிருந்து கருவிகளைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார். குழாயைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"இருந்தாலும் அவ உங்களுக்காகத்தான் கேட்டிருப்பா."

"இருக்கலாம், அத்தை. தெரியாது," என்றேன்.

"சரி, சரி," என்றார்.

குழாயை மூடினேன். திரும்பி, ஈரக் கையோடு அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"இருக்கலாம்னு சொன்னேன், அத்தை. தெரியாதுன்னு சொன்னேன்."

அத்தை என் உதட்டையே பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"கத்தாதீங்க. கேக்குது," என்றார்.