ஒன்பது நாளும் ஒரே சொல்

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஓவர்கோட்டைக் கழற்றாமலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். வினிபெக்கில் அது ஜனவரி. மண் பாறையாக இறுகிக் கிடந்ததால் முந்தின நாளே நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி தோண்டினார்களாம். ஸ்தெஃபாவின் முன்னால் பீட்ரூட் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா ஒனுஃப்ரியைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

எதிரே யுர்க்கோ மாமா. போர் முடிந்து ஜெர்மனியின் அகதி முகாமிலிருந்து அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். இருபத்தாறு வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவர்.

"உங்கப்பன் மாதிரி ஒரு கிறுக்கன நான் பாத்ததே இல்ல," என்றார். "மத்தியானம் நாங்கல்லாம் சீட்டு ஆடுவோம். இவன் மட்டும் உன்னோட ரெண்டாங்கிளாஸ் இங்கிலீஷ் புஸ்தகத்த வச்சுக்கிட்டு மூலையில உக்காந்து கத்துவான். மேலெல்லாம் பன்னி ரத்தம், வாயில 'கேட், ரேட், மேட்'! ஃபோர்மன் இவனுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னே நெனச்சான்."

மேசையே சிரித்தது. ஸ்தெஃபாவும் சிரித்தாள். அப்பா எதற்காக அதைப் படித்தார் என்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஸ்தெஃபாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூட வாசலில் அப்பா தன் பாஷையில் சத்தமாக அவளைக் கூப்பிட, கூடப் படித்த பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி கூப்பிட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே எங்கிட்ட அந்தப் பாஷை பேசாத," என்று கத்தினாள். அடுத்த அறை, சுவர், ஜன்னல் என்று எங்கெங்கோ பார்த்துவிட்டு அப்பா தலையாட்டினார். மறுநாள் காலை அவளுக்குப் பின்னல் போட உட்கார்ந்தவர், "ஹெட்... ஸ்ட்ரெய்ட்," என்றார். அதோடு சரி. அவள் முன்னால் தன் பாஷையில் பிறகு ஒரு சொல்கூட அவர் பேசியதில்லை. அவள் வயதுக்கு வந்தது, படிக்க டொராண்டோ போனது, கல்யாணம், விவாகரத்து எல்லாவற்றுக்கும் அந்த ஓட்டை ஆங்கிலத்தில்தான் புத்தி சொன்னார், கோபப்பட்டார். சொல் கிடைக்காதபோது பாதியில் நிறுத்தி அவள் தோளைத் தட்டுவார். அவளுக்கோ கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் மறந்துபோனது.

பக்கவாதம் வந்தபோது ஆங்கிலம் முழுக்கத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அந்தப் பாஷை மட்டும்தான். ஒன்பது நாள் அவர் பேசினார், ஒன்பது நாளும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அந்த வார்டில் சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் விடவில்லை. புரிந்தவர்கள் யாருக்காவது போன் போட்டுக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

பக்கத்தில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த யுர்க்கோவின் மனைவியிடம் திரும்பினாள்.

"மெலானியா அத்தை, ஸிம்னோன்னா யாரு?"

"யாரா? குளிருதுன்னு அர்த்தம். ஏன் கண்ணு, கதவச் சாத்தச் சொல்லட்டா?"

மெலானியா ஸ்தெஃபாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, ஐஸா இருக்கே. டேய், யாருப்பா அங்க, கதவ..."

"எனக்கில்ல அத்தை. அப்பா சொன்னாரு. ஒன்பது நாளும்."

மெலானியாவின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

"ஏதோ பொம்பள பேருன்னு நெனச்சேன்," என்றாள் ஸ்தெஃபா. "நர்ஸுகூடச் சிரிச்சா, உங்கப்பாவோட பழைய ஆளு போலன்னு. நானும் சிரிச்சேன். காய்ச்சல் கொதிச்சுது. போர்வைய எடுத்துட்டு ஈரத்துணி போடச் சொன்னாங்க, போட்டேன். நல்லா இருக்கிற கையால போர்வையப் புடிச்சு இழுத்தாரு. நான் விரலப் பிரிச்சு எடுத்தேன். ஏழாவது நாள்..." மேசையில் சிந்திய ரொட்டித் துகள்களை விரலால் ஒன்றாகக் கூட்டினாள். "ஸிம்னோ வந்துருவா, தூங்குங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் என்னப் பாக்கறதயே விட்டுட்டாரு."

யுர்க்கோ எழுந்து ஜன்னல் பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். 'நீ என்னம்மா செய்வே' என்று அவரோ மெலானியாவோ சொல்லியிருக்கலாம்.

ஸ்தெஃபா, "குளிருதா அப்பான்னு எப்படிக் கேக்கணும்?" என்றாள்.

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லுங்க."

மெலானியா கத்தியைக் கீழே வைத்தாள். "தோபி ஸிம்னோ, தாத்து."

முதல் தடவை நாக்கு புரளவில்லை. இரண்டாவது தடவை முதல் சொல் ஆங்கிலம் மாதிரி தட்டையாக விழுந்தது. மெலானியா மாவு படிந்த விரலால் அவள் தாடையைப் பிடித்து, வாயைக் குவித்துக் காட்டினாள். 'அப்பா' என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஏழு வயதில் விட்ட இடத்திலிருந்தே அது வந்தது.

"இன்னொரு தடவ," என்றாள் மெலானியா.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ஸ்தெஃபா ஆறிப்போன சூப்பை நகர்த்தி வைத்துவிட்டு, நிமிர்ந்து, எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.